மண்ணெண்ணெய் முதல் சிலிண்டர் வரை: இந்தியாவில் எரிபொருள் நிவாரணத்தின் வரலாறு

எரிபொருள் விலை ஏறும்போது ஓர் அரசு மக்களின் சுமையைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு. விற்பனை விலையையே அடக்கி வைத்து இழப்பைத் தானோ எண்ணெய் நிறுவனங்களோ ஏற்கச் செய்வது முதல் வழி. விலைக்குள் இருக்கும் வரியைக் குறைப்பது இரண்டாவது. விலையைச் சந்தையின் போக்கில் விட்டுவிட்டு, ஒரு தொகையை மக்களுக்குப் பணமாகத் திருப்பித் தருவது மூன்றாவது. இந்தியா கடந்த நூறாண்டில் இம்மூன்றையும் நடைமுறைப்படுத்திப் பார்த்திருக்கிறது. உதவி யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் விடுபட்டார்கள், எவ்வளவு காலம் நீடித்தது என்பதை ஒவ்வொன்றிலும் தனித்தனியே காணலாம். விலை உயர்வுக்கு ஈடாக மக்களுக்குப் பணம் தர வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த அனுபவம் தெளிவான விடைகளைத் தருகிறது.

வரி வந்த வழி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணெண்ணெய் கப்பலில் வந்து இறங்கியபோது தமிழ்நாட்டு மக்கள் அதைச் சீமையிலிருந்து வந்த எண்ணெய் என்ற பொருளில் சீமெண்ணெய் என்றார்கள். அதுவரை வீடுகளில் எரிந்தவை இலுப்பை, ஆமணக்கு, புங்கம் ஆகியவற்றின் எண்ணெய்கள். அவை ஊரிலேயே ஆட்டி எடுக்கப்பட்டவை. மண்ணெண்ணெயோ தொலைவிலிருந்து வந்தது. அதன் விலையும் தொலைவிலேயே முடிவானது. அஸ்ஸாமில் திக்பாய் சுத்திகரிப்பு ஆலை 1901இல் இயங்கத் தொடங்கிய பிறகும், பர்மா எண்ணெயும் வெளிநாட்டு எண்ணெயும்தான் இந்தியச் சந்தையை ஆண்டன. குடிசையில் எரியும் விளக்கின் செலவு உலகச் சந்தையோடு பிணைக்கப்பட்டது அப்போதுதான்.

விலைக்குள் வரி நுழைந்தது முதல் உலகப் போரின்போது. போர்த் தேவைக்காக நுகர்வைக் கட்டுப்படுத்தும் நோக்கில் 1917இல் பெட்ரோல் மீது கலால் தீர்வை விதிக்கப்பட்டது. போர் முடிந்தது, வரி முடியவில்லை. 1922இல் மண்ணெண்ணெய்க்கும் கலால் வந்தது. 1929இல் சாலைகளை மேம்படுத்துவதற்காகப் பெட்ரோல் மீது கூடுதல் வரி விதிக்கப்பட்டு, அந்தப் பணம் சாலை நிதி ஒன்றில் சேர்க்கப்பட்டது. தற்காலிகமாக வந்த வரி நிலையான வருவாயாக மாறும் பழக்கம் இந்திய எரிபொருள் வரலாற்றில் பின்னரும் பலமுறை தொடர்ந்தது.

மாகாணங்கள் இதில் பங்கு கேட்டது 1930களின் இறுதியில். மத்திய மாகாண அரசு 1938இல் பெட்ரோல் சில்லறை விற்பனைக்கு வரி விதித்தபோது, உற்பத்திக்கு மத்திய அரசு ஏற்கெனவே கலால் வாங்கும் பொருளுக்கு மாகாணம் வரி போடலாமா என்ற வழக்கு எழுந்தது. சர் மாரிஸ் குவையர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் மாகாணத்தின் பக்கம் நின்றது: உற்பத்தியின் மீது மத்திய அரசும் விற்பனையின் மீது மாகாணமும் வரி விதிக்கலாம். அடுத்த ஆண்டே ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு பெட்ரோலுக்கும் பொதுப் பண்டங்களுக்கும் விற்பனை வரி கொண்டுவந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசின் கலாலும் மாநில அரசின் விற்பனை வரியும் இன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருப்பதன் வேர் இதுதான். 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் பெட்ரோல், டீசல் இரண்டும் அதற்கு வெளியே வைக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டின் விளைவு ஒன்று முக்கியமானது. இந்தியாவில் வருமான வரி கட்டுவோர் மக்கள்தொகையில் சிறு பகுதியினர். ஆனால் மொபெட்டுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போடும் கூலித் தொழிலாளியும் அந்த இடத்திலேயே இரு அரசுகளுக்கும் வரி கட்டிவிடுகிறார். எரிபொருளைப் பொறுத்தவரை வரி செலுத்துவோர் என்பது ஏறக்குறைய நாட்டு மக்கள் அனைவரையும் குறிக்கும் சொல்.

ஒரே விலை, ஒரே கணக்கு

விடுதலைக்குப் பின் எண்ணெய் விலை முதலில் இறக்குமதி விலையை ஒட்டியே அமைந்தது. 1948இல் பர்மா ஷெல் நிறுவனத்துடன் ஏற்பட்ட ஏற்பாட்டின்படி, எண்ணெய் இங்கே சுத்திகரிக்கப்பட்டாலும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் ஆகும் விலையே அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. இந்த விலை நியாயமா என்று ஆராய டாம்லே குழு, தாலுக்தார் குழு, சாந்திலால் ஷா குழு என 1960களில் அடுத்தடுத்துக் குழுக்கள் அமைந்தன. நிறுவனங்கள் கேட்கும் விலையைக் குறைப்பதுதான் அப்போதைய போராட்டம். மக்களுக்கு மானியம் தருவது என்ற பேச்சு இன்னும் எழவில்லை.

1973 அக்டோபரில் மேற்காசியப் போரை அடுத்து அரபு நாடுகள் எண்ணெய் வழங்கலைக் குறைத்தன. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய், 1974 தொடக்கத்தில் 12 டாலரை நெருங்கியது. இந்தியாவில் பெட்ரோல் விலை கடுமையாக உயர, அதை எதிர்த்து அடல் பிகாரி வாஜ்பாய் 1973 நவம்பரில் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்கு வந்தார். எஸ்ஸோ 1974இலும் பர்மா ஷெல் 1976இலும் அரசுடைமையாகி, முறையே ஹிந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகியவற்றுக்கு அடித்தளமாயின. விலையை முடிவுசெய்யும் அதிகாரம் முழுமையாக அரசின் கைக்கு வந்தது.

கிருஷ்ணசாமி குழுவின் பரிந்துரைப்படி 1977 முதல் நிர்வாக விலை முறை நடைமுறைக்கு வந்தது. அதன் இதயம் எண்ணெய்த் தொகுப்புக் கணக்கு. பெட்ரோலும் விமான எரிபொருளும் அடக்க விலையைவிட அதிகமாக விற்கப்பட்டன. அந்த உபரி தொகுப்புக் கணக்கில் சேர்ந்தது. அதிலிருந்து மண்ணெண்ணெய்க்கும் சமையல் எரிவாயுவுக்கும் ஏற்படும் இழப்பு ஈடுகட்டப்பட்டது. காரில் போகிறவர் தரும் கூடுதல் காசு குடிசையின் விளக்கை எரியவைக்கும் என்பதே இதன் நோக்கம். நோக்கம் உயர்ந்தது, காரும் பெட்ரோலும் வசதி படைத்தோருக்கே உரியவையாக இருந்தவரை கணக்கும் சரியாகவே நடந்தது. ஆனால் 1980இல் டி.வி.எஸ். 50 வந்து, சிற்றூர் வரை மொபெட் பரவியபோது பெட்ரோல் வாங்குவோரின் முகம் மாறியது. மறுபுறம் சமையல் எரிவாயு நகரத்து நடுத்தர வீடுகளின் பொருளாக வளர்ந்தது. பால்காரரும் காய்கறி வியாபாரியும் பெட்ரோலில் தரும் பணம், காரும் சிலிண்டரும் வைத்திருந்த வீட்டின் அடுப்பை எரிக்கும் நிலை உருவானது. கணக்குப் புத்தகத்தில் இந்தத் தலைகீழ் மாற்றம் தெரியவில்லை.

நீல நிற எண்ணெய்

மலிவு விலை மண்ணெண்ணெய் ரேஷன் கடை வழியாகப் போனது. தமிழ்நாட்டில் குடும்ப அட்டைக்கு எத்தனை லிட்டர் என்பது அந்த வீட்டில் எரிவாயு இணைப்பு உண்டா, சிலிண்டர் ஒன்றா இரண்டா என்பதைப் பொறுத்து அமைந்தது. மாதத்தில் எண்ணெய் வரும் நாளில் கேனுடன் வரிசையில் நிற்பது பெண்களின், குழந்தைகளின் வேலையாகவே இருந்தது. அரிக்கேன் விளக்கும் பம்ப் ஸ்டவ்வும் அந்த வரிசையை நம்பியே எரிந்தன. கடலோரத்தில் வெளிப்பொருத்து இயந்திரம் கட்டிய நாட்டுப் படகுகளுக்கும் மண்ணெண்ணெய்தான் எரிபொருள். மீனவர்களுக்கு மண்ணெண்ணெய் மானிய விலையிலும் டீசல் விற்பனை வரி நீக்கியும் தரப்படுவது இன்றளவும் தமிழ்நாடு அரசின் நிலையான நிவாரணங்களுள் ஒன்று.

ஆனால் இரட்டை விலை உள்ள இடத்தில் கசிவு தவிர்க்க முடியாதது. டீசலில் மண்ணெண்ணெய் எளிதாகக் கலக்கும். விலையோ பல மடங்கு குறைவு. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் இடப்பட்டது. சாயத்தைப் பிரித்தெடுக்கும் வித்தையும் உடன் வளர்ந்தது. பின்னர் வேதிக் குறியீட்டுப் பொருள் சேர்த்தும் பார்த்தார்கள். ரேஷன் மண்ணெண்ணெயில் 41 விழுக்காடு வழியிலேயே கசிந்துவிடுவதாக 2014–15ஆம் ஆண்டின் மத்திய பொருளாதார ஆய்வறிக்கை மதிப்பிட்டது.

இந்தக் கசிவு உயிர்களையும் பலிகொண்டது. 2005 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில், எரிபொருள் கலப்படத்தைத் தட்டிக்கேட்ட இந்தியன் ஆயில் அதிகாரி எஸ். மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, கலப்படத்தை நேரில் பிடித்த கூடுதல் மாவட்ட ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே உயிருடன் எரிக்கப்பட்டார். ஏழை வீட்டுக்காக ஒதுக்கிய காசு, அதைக் காக்க நின்றவர்களைக் கொல்லும் அளவுக்கு இலாபம் தரும் கொள்ளையாக மாறியிருந்தது. உதவியைப் பொருளின் விலைக்குள் வைத்தால் அது பொருளோடு சேர்ந்து கைமாறிப் போய்விடும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை.

தொகுப்புக் கணக்கின் வீழ்ச்சி

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியது. கச்சா எண்ணெய் விலை துள்ளியது, வி. பி. சிங் அரசு எரிபொருள்கள் மீது 25 விழுக்காடு வளைகுடாக் கூடுதல் கட்டணம் விதித்தது. ஏற்கெனவே மெலிந்திருந்த அந்நியச் செலாவணி கையிருப்பு எண்ணெய் இறக்குமதிச் செலவில் கரைந்தது. 1991இல் நாடு தங்கத்தை அடகு வைக்க நேர்ந்ததற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. அதன்பின் தொகுப்புக் கணக்கு மீளவே இல்லை. 1997 வாக்கில் அதன் பற்றாக்குறை எண்ணெய் நிறுவனங்களையே முடக்கும் அளவுக்கு வளர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு நிர்வாக விலை முறையைப் படிப்படியாகக் கைவிட முடிவெடுத்தது. 2002 ஏப்ரல் 1 அன்று அது முடிவுக்கு வந்தது.

மானியம் இனி மத்திய பட்ஜெட்டில் வெளிப்படையாக வரும் என்று அறிவிக்கப்பட்டது. 2002–03இல் சிலிண்டருக்கு 67 ரூபாய் 75 காசு, மண்ணெண்ணெய் லிட்டருக்கு 2 ரூபாய் 45 காசு என்று அளவு குறிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இதைக் குறைத்துக்கொண்டே போய் நிறுத்துவது திட்டம். சிலிண்டர் மானியம் 2003–04இல் 45 ரூபாய் 18 காசாகவும் பின்னர் 22 ரூபாய் 58 காசாகவும் குறைந்தது. ஆனால் அதே ஆண்டுகளில் கச்சா எண்ணெய் ஏறத் தொடங்கியது. கடை விலையை ஏற்ற எந்த அரசுக்கும் துணிவு வரவில்லை. அறிவிக்கப்பட்ட மானியத்துக்கும் உண்மை இழப்புக்கும் இடையே பெரும் பள்ளம் விழுந்தது.

அந்தப் பள்ளத்தை நிரப்பியவை எண்ணெய்ப் பத்திரங்கள். நிறுவனங்களுக்கு ரொக்கம் தருவதற்குப் பதிலாக, பின்னாளில் வட்டியோடு திருப்பித் தருவதாக உறுதிகூறும் பத்திரங்களை மத்திய அரசு 2010 வரை அளித்தது. அவற்றின் மொத்தம் ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி ரூபாய். அன்று வண்டி ஓட்டியவரின் செலவில் ஒரு பகுதி, பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து வரி கட்டுவோரின் கணக்கில் ஏறியது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது இந்த முறையின் எல்லை புலப்பட்டது. அடக்க விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள இடைவெளியால் எண்ணெய் நிறுவனங்கள் இழந்த தொகை 2012–13இல் 1,61,029 கோடி ரூபாயாக இருந்தது.

மாற்றம் கட்டங்களாக வந்தது. கிரிட் பாரிக் குழுவின் பரிந்துரையை அடுத்து 2010 ஜூனில் பெட்ரோல் விலை நிறுவனங்களிடம் விடப்பட்டது. 2013 ஜனவரி முதல் டீசல் விலை மாதம் 50 காசு அளவில் ஏற்றப்பட்டு, 2014 அக்டோபரில் கட்டுப்பாடு முற்றிலும் நீங்கியது. மண்ணெண்ணெய் விலை 2016 முதல் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் மானியமே இல்லாத நிலைக்கு வந்தது. எஞ்சியது சமையல் எரிவாயு ஒன்றுதான். பணமாகத் தரும் முறை அங்கேதான் பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது.

வங்கிக் கணக்குக்கு வந்த மானியம்

சிலிண்டர் மானியத்தில் அடிப்படை அநீதி ஒன்று இருந்தது. நாட்டின் ஏழைப் பாதி வீடுகள் மொத்த சமையல் எரிவாயுவில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே பயன்படுத்துவதாக அதே 2014–15 ஆய்வறிக்கை கணக்கிட்டது. அதிக சிலிண்டர் வாங்கும் வீடே அதிக மானியம் பெற்றது. விறகடுப்பில் இருமிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதில் எதுவுமில்லை. வீட்டுச் சிலிண்டர் உணவகங்களுக்கும் வாகனங்களுக்கும் கள்ளத்தனமாகப் போவதும் பெருகியது. 2012 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு ஆண்டுக்கு ஆறு மானிய சிலிண்டர்கள் என்று வரம்பு விதித்தது. எதிர்ப்பு எழவே, 2013 ஜனவரியில் அது ஒன்பதாகவும் ஓராண்டுக்குப் பின் பன்னிரண்டாகவும் தளர்ந்தது.

விலையை உயர்த்திப் பணத்தைக் கையில் தருவதற்கான முதல் ஒத்திகை மண்ணெண்ணெயில் நடந்தது. ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்துக் கோட்காசிம் வட்டாரத்தில் 2011 டிசம்பர் முதல் மண்ணெண்ணெய் சந்தை விலையில் விற்கப்பட்டு, வேறுபாடு வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. விற்பனை பெருமளவு சரிந்தது. கசிவு நின்றதற்கு இது சான்று என்று முதலில் கொண்டாடப்பட்டது. ஆனால் பலருக்கு வங்கிக் கணக்கே இல்லை. இருந்தவர்களுக்கும் பணம் காலத்தோடு வரவில்லை. முழு விலையை முன்கூட்டித் தர முடியாத வீடுகள் எண்ணெய் வாங்குவதையே விட்டுவிட்டன. குறைந்தது கசிவு மட்டும் அல்ல. ஏழையின் நுகர்வும் குறைந்தது.

எரிவாயுவில் இந்தப் பாடம் ஓரளவு நினைவில் கொள்ளப்பட்டது. 2013 ஜூன் 1 அன்று சில மாவட்டங்களில் தொடங்கிய நேரடி மானியத் திட்டம், ஆதார் எண்ணைக் கட்டாயமாக்கியதால் எழுந்த குழப்பத்தால் 2014 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் உதவி மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரிலேயே கூறியிருந்தது. புதிய அரசு 2014 நவம்பர் 15 அன்று 54 மாவட்டங்களில் ‘பஹல்’ என்ற பெயரில் திட்டத்தை மீண்டும் தொடங்கி, 2015 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் விரித்தது. இம்முறை ஆதார் இல்லாதவரும் வங்கிக் கணக்கு விவரம் தந்து சேரலாம். முதல் சிலிண்டரை முழு விலையில் வாங்க உதவியாக 568 ரூபாய் முன்பணமும் செலுத்தப்பட்டது. ஜன் தன் கணக்குகள், ஆதார், கைப்பேசி மூன்றும் சேர்ந்து இதற்குத் தளம் அமைத்தன.

2015 மார்ச்சில், வசதியுள்ளோர் மானியத்தைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் இயக்கம் தொடங்கியது. ஓராண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் முன்வந்தன. 2016 ஜனவரி முதல், கணவன் அல்லது மனைவியின் வரிக்குரிய ஆண்டு வருமானம் 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்கு மானியம் நிறுத்தப்பட்டது. வருமான வரிக் கணக்கு முதன்முறையாக எரிபொருள் உதவிக்கு அளவுகோலாக ஆனது இங்கேதான். 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம், இணைப்பே இல்லாத ஏழைப் பெண்களுக்கு வைப்புத்தொகை இன்றி எரிவாயு இணைப்பு தந்தது. தமிழ்நாட்டில் 2006இல் அமைந்த மு. கருணாநிதி அரசு ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்பும் இணைப்பும் வழங்கியது இதற்கு ஒரு முன்னோடி.

சேமிப்பு பற்றிப் பெரிய எண்கள் சொல்லப்பட்டன. 2015 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை எரிவாயு மானியச் செலவு முந்தைய ஆண்டைவிட 23,316 கோடி ரூபாய் குறைந்தது உண்மை. ஆனால் அதில் 21,552 கோடி உலகச் சந்தையில் விலை சரிந்ததால் வந்தது என்றும், மானிய சிலிண்டர் விற்பனை குறைந்ததால் வந்தது ஏறத்தாழ 1,764 கோடி மட்டுமே என்றும் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை பிரித்துக் காட்டியது. நேரடி மானியம் கசிவைக் குறைத்தது. ஆனால் கருவூலத்தைப் பெருமளவு காத்தது மலிந்த கச்சா எண்ணெய்தான்.

அடுத்து நடந்ததே இந்த முறையின் பலவீனத்தைக் காட்டியது. மானியம் உள்ள சிலிண்டரின் விலை மாதந்தோறும் சில ரூபாய் ஏற்றப்பட்டு வந்தது. 2020 மே மாதம் பெருந்தொற்றால் உலக விலை வீழ்ந்தபோது, டெல்லியில் சிலிண்டர் 581 ரூபாய் 50 காசாக இறங்கி, மானிய விலையும் சந்தை விலையும் ஒன்றாயின. தர வேண்டிய வேறுபாடு பூச்சியமானது. பின்னர் விலை ஏறி 2023 மார்ச்சில் 1,103 ரூபாயைத் தொட்டது. பொது வீடுகளுக்கு மானியம் திரும்பவில்லை. சட்டம் எதுவும் திருத்தப்படவில்லை. அறிவிப்பும் பெரிதாக வரவில்லை. 2018–19இல் 37,209 கோடியாக இருந்த எரிவாயு மானியச் செலவு 2021–22இல் 242 கோடியாகச் சுருங்கியது. விலையை ஏற்றினால் தெருவில் கூட்டம் திரளும். வங்கிக் கணக்குக்கு வர வேண்டிய பணம் வராமல் நின்றால், குறுஞ்செய்தி வராததை ஒவ்வொரு வீடும் தனித்தனியாக உணர்ந்து ஓயும்.

வரியைக் குறைப்பதா, பணம் தருவதா?

கச்சா எண்ணெய் மலிந்த ஆண்டுகளில் அதன் பயன் முழுவதும் மக்களுக்கு வரவில்லை. 2014இல் பெட்ரோல் மீதான மத்தியக் கலால் லிட்டருக்கு 9 ரூபாய் 48 காசு, டீசல் மீது 3 ரூபாய் 56 காசு. 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையே ஒன்பது முறை வரி உயர்ந்தது. 2020 மார்ச், மே மாதங்களில் மீண்டும் உயர்ந்து பெட்ரோலுக்கு 32 ரூபாய் 98 காசு, டீசலுக்கு 31 ரூபாய் 83 காசு என்ற உச்சத்தை எட்டியது. பெட்ரோலியப் பொருள்களில் மத்தியக் கலால் வருவாய் 2014–15இல் ஏறத்தாழ 99,000 கோடி; 2020–21இல் ஏறத்தாழ 3.73 லட்சம் கோடி.

இதில் மாநிலங்களின் குறை நியாயமானது. மாநிலங்களோடு பகிர வேண்டியது அடிப்படைக் கலால் மட்டும். 2021இல் பெட்ரோலுக்கு அது லிட்டருக்கு 1 ரூபாய் 40 காசாகச் சுருக்கப்பட்டிருந்தது. எஞ்சியது மேல்வரியும் கூடுதல் தீர்வையுமாக மத்திய அரசிடமே தங்கியது. இந்நிலையில் 2021 ஆகஸ்ட் 13 அன்று தமிழ்நாட்டு நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன், பெட்ரோல் மீதான மாநில வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார். ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று கணக்கிடப்பட்டது. டீசலைத் தொடாமல் பெட்ரோலை மட்டும் குறைத்ததற்குச் சொன்ன காரணம், மாநிலத்தில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட இருசக்கர வாகனங்கள் ஓடுகின்றன, அவையே உழைக்கும் மக்களின் ஊர்தி என்பது. வரிக் குறைப்பாக இருந்தாலும் யாருக்கு என்று எண்ணிச் செய்த குறைப்பு அது.

மத்திய அரசு 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. உக்ரைன் போரால் விலை உயர்ந்த நிலையில், 2022 மே 21 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இரண்டு அறிவிப்புகளை ஒருசேர வெளியிட்டார். பெட்ரோல் கலாலில் 8 ரூபாயும் டீசல் கலாலில் 6 ரூபாயும் குறைப்பு. இதன் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய். உஜ்வலா பயனாளிகள் 9 கோடிப் பேருக்குச் சிலிண்டருக்கு 200 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டு சிலிண்டர்களுக்கு மானியம். இதன் செலவு 6,100 கோடி. இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதலாவது, பெரிய காருக்கு நாற்பது லிட்டர் நிரப்புகிறவருக்கு 320 ரூபாயும் மொபெட்டுக்கு இரண்டு லிட்டர் போடுகிறவருக்கு 16 ரூபாயும் தந்தது. இரண்டாவது, அதில் பதினாறில் ஒரு பங்குச் செலவில் நாட்டின் ஏழை அடுப்புகளைச் சென்றடைந்தது. டீசல் குறைந்தால் லாரி வாடகையும் காய்கறி விலையும் அடங்கும் என்ற வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் பெட்ரோல் வரிக் குறைப்புக்கு அந்த வாதம் பெரிதும் பொருந்தாது. உஜ்வலா மானியம் 2023 அக்டோபரில் 300 ரூபாயாக உயர்ந்தது.

பிற நாடுகளின் அனுபவம்

இந்தோனேசியா 2005 அக்டோபரில் எரிபொருள் விலையை ஒரே நாளில் இரு மடங்குக்கும் மேல் உயர்த்தியது. அதோடு சேர்த்து, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் ஒரு லட்சம் ரூபியா வீதம் அஞ்சலகங்கள் வழியாகப் பணம் தந்தது. மலேசியா 2008 ஜூனில் பெட்ரோலை லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70 ரிங்கிட்டாக உயர்த்தியபோது, சிறிய கார் வைத்திருப்போருக்கு ஆண்டுக்கு 625 ரிங்கிட்டும் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு 150 ரிங்கிட்டும் திருப்பித் தந்தது. வண்டியே இல்லாதவருக்கு அதில் பங்கில்லை. ஈரான் 2010 டிசம்பரில் மானியங்களை வெட்டி, ஏறக்குறைய எல்லா மக்களுக்கும் ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் தந்தது. தொகை மாறாமல் நிற்க, பணவீக்கம் அதன் மதிப்பைச் சில ஆண்டுகளில் தின்றுவிட்டது.

வரி செலுத்துவோருக்கு என்றே தந்த நாடுகளும் உண்டு. 2022 செப்டம்பரில் ஜெர்மனி, வேலை செய்து வருமான வரி கட்டுவோருக்கு 300 யூரோ எரிசக்தி உதவி வழங்கியது. ஓய்வூதியர்கள் விடுபட்டது பெரும் குறையாகி, டிசம்பரில் அவர்களுக்கும் தர நேர்ந்தது. அதே ஆண்டு கலிபோர்னியா 200 முதல் 1,050 டாலர் வரை வழங்கியது. 2020ஆம் ஆண்டுக்கான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர்களே அதைப் பெற்றனர். வரிக் கணக்கே தாக்கல் செய்யாத அளவுக்குக் குறைந்த வருமானம் உள்ளவர்கள் பட்டியலில் வரவில்லை.

பட்டியலும் விதியும்

இந்த நூறாண்டின் அனுபவம் மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, விலைக்குள் மறைத்து வைக்கும் உதவி அதிகம் எரிப்பவருக்கே அதிகம் போகும்; எஞ்சியதைக் கள்ளச் சந்தை கொண்டுபோகும். விலை உயர்வின் சுமையைத் தாங்க முடியாதவருக்குப் பணமாகத் தருவதே நேர்மையான வழி. ஏறிய விலையில் வருவாய் ஈட்டிய அரசு அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது கருணை அல்ல, கடமை.

இரண்டாவது, அந்தப் பணம் யாருடைய பட்டியலைப் பார்த்துத் தரப்படுகிறது என்பதே அதன் நியாயத்தைத் தீர்மானிக்கிறது. வருமான வரிப் பட்டியல் வசதியுள்ளோரை விலக்கப் பயன்படும். தேவையுள்ளோரைச் சேர்க்கப் பயன்படாது. பத்து லட்ச ரூபாய் வரம்பு முதல் பணியைச் செய்தது. இரண்டாவது பணிக்குக் குடும்ப அட்டை, எரிவாயு இணைப்பு, மீனவர் பதிவு போன்ற பட்டியல்களே உதவின. பணம் பொருளை வாங்கும் முன்போ வாங்கும்போதோ கைக்கு வராவிட்டால் ஏழை வீடு வாங்குவதையே நிறுத்தும் என்பதையும் கோட்காசிம் காட்டியது.

மூன்றாவது, விலை எவ்வளவு ஏறினால் எவ்வளவு தொகை என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். விதியில்லாத உதவி, விலை இறங்கும்போது சத்தமின்றி நின்று, ஏறும்போது திரும்பி வராது. 2020க்குப் பின் கோடிக்கணக்கான சமையலறைகள் அதைக் கண்டன. 1917இல் போர்க்காலத்துக்கென வந்த வரி நூறாண்டு கடந்தும் சட்டப் புத்தகத்தில் தொடர்கிறது. மக்களுக்குத் திரும்ப வர வேண்டிய தொகைக்கும் அதே சட்டப் புத்தகத்தில் இடம் கிடைக்கும்போதுதான் எரிபொருள் நிவாரணம் நிலைபெறும்.